கத்தி எடுத்த பையன் திரும்பி வர வழி உண்டா?

காலையில் பத்திரிகையைப் பிரித்தால், ஏதாவது ஒரு பக்கத்தின் மூலையில் அந்தச் செய்தி இருக்கத்தான் செய்கிறது. "முன்விரோதம்: வாலிபருக்குக் கத்திக்குத்து." அதன் கீழே ஐந்தாறு வரிகள். கிரிக்கெட் ஆட்டத்தில் தகராறு. அல்லது முறைத்துப் பார்த்ததில் தகராறு. அல்லது திருவிழா ஊர்வலத்தில் ஆடும்போது காலை மிதித்ததில் தகராறு. கடைசி வரியில், "இது தொடர்பாக 17 வயதுச் சிறுவன் உள்பட மூன்று பேரைப் பிடித்துப் போலீசார் விசாரித்து வருகிறார்கள்."

பையனின் பெயர் இருக்காது. 18 வயது நிரம்பாதவனின் பெயரையோ படத்தையோ வெளியிடக்கூடாது என்பது சட்டம். நாமும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

ஆனால் இரண்டு குடும்பங்களுக்கு அந்தச் செய்தி அன்றோடு முடிவதில்லை. ஒரு தாய் விக்டோரியா ஆஸ்பத்திரியிலோ பௌரிங் ஆஸ்பத்திரியிலோ ஆபரேஷன் அறை வாசலில் நிற்கிறாள். இன்னொரு தாய் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள். பல சமயம் இருவரும் ஒரே பேட்டைக்காரர்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள்.

குத்துப்பட்டவனுக்கு நியாயம் வேண்டும். அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. அதே சமயம் குத்திய பையன் என்ன ஆகிறான்? அவன் திரும்பி வர முடியுமா? முடியும் என்கிறது சட்டம். கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. கையைப் பிடித்து அந்தக் கதவு வழியாக அழைத்து வருவதற்குத்தான் ஆள் இல்லை.

பயமும் பகட்டும்

பதினாறு வயதுப் பையன் ஒருவன் சட்டைக்குள் கத்தியைச் செருகிக்கொண்டு ஏன் வெளியே போகிறான்? இந்தக் கேள்விக்கு உலகெங்கும் ஏறக்குறைய ஒரே பதில்தான் கிடைக்கிறது. முதல் காரணம் பயம். "அவன் கையில் இருக்கிறது, என் கையிலும் இருந்தால்தான் தப்பிக்கலாம்" என்ற எண்ணம். இரண்டாவது காரணம் பகட்டு. நாலு பேர் நடுவில் தன்னை ஓர் ஆளாகக் காட்டிக்கொள்ளும் ஆசை.

யாரையாவது கொன்றே தீர வேண்டும் என்று கிளம்புகிறவன் அபூர்வம். ஆனால் கையில் கத்தி இருக்கும்போது, ஓர் அறையோடு முடிய வேண்டிய சண்டை ஓர் உயிரோடு முடிகிறது. இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும் கோபத்துக்கு இரண்டு அங்குல இரும்பு போதும்.

பெங்களூருக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய பின்னணி உண்டு. 1970-களிலும் 80-களிலும் இந்த நகரில் தாதாக்கள் ஆட்சி செய்த கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஜெயராஜ், கொத்வால் ராமச்சந்திரா, ஆயில் குமார் என்று பெயர்கள் வரும். அந்த மூவரின் முடிவு என்ன? கொத்வால் 1986-ல் கொல்லப்பட்டார். ஜெயராஜ் 1989-ல் கொல்லப்பட்டார். ஆயில் குமார் 1990-ல் கொல்லப்பட்டார். மூவரில் ஒருவர்கூட வயதாகி, பேரப்பிள்ளைகள் சூழ, படுக்கையில் இறக்கவில்லை. கதை சொல்கிறவர்கள் இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

அதே உலகத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தவர் அக்னி ஸ்ரீதர். அவர் பேனாவைப் பிடித்தார்; பத்திரிகை நடத்தினார்; தம் அனுபவங்களை 'தாதாகிரிய தினகளு' என்று கன்னடத்தில் எழுதினார். அது 2007-ல் 'ஆ தினகளு' என்ற படமாகவும் வந்தது. திரும்பி வருவது நடக்காத காரியம் அல்ல என்பதற்கு இதே ஊரில் சாட்சி இருக்கிறது.

ஆனால் பையன்களின் மனதில் பதிந்தது பேனா அல்ல, மச்சும் லாங்கும்தான். 1995-ல் வந்த 'ஓம்', 2005-ல் வந்த 'ஜோகி' ஆகிய கன்னடப் படங்களுக்குப் பிறகு கதாநாயகன் கையில் நீண்ட அரிவாள் என்பது ஓர் அலங்காரமாகிவிட்டது. தமிழ்ப் படங்களும் சளைத்தவை அல்ல. இப்போது தியேட்டருக்குப் போகவே வேண்டாம். கைப்பேசியிலேயே ரீல்ஸ் வந்துவிட்டது. 2018 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே, பட்டாக்கத்தியால் கேக் வெட்டிப் பிறந்தநாள் கொண்டாடிய ரவுடிக் கூட்டத்தைப் போலீசார் சுற்றி வளைத்து, எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். 2025 மார்ச்சில் பெங்களூரிலேயே, தொலைக்காட்சியில் புகழ்பெற்ற இருவர் மச்சு ஏந்தி ரீல்ஸ் எடுத்ததற்காக ஆயுதச் சட்டப்படி கைது செய்யப்பட்டார்கள். விளையாட்டுக்குத் தூக்கினாலும் சட்டத்துக்கு அது ஆயுதம்தான்.

வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் உரியவை நீங்கலாக, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வெட்டுக் கருவிகளை ஆயுத விதிகள் ஆயுதம் என்றே கணக்கில் வைத்திருக்கின்றன. இதைப் பையன்களிடம் வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறோமா?

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாருமே கெட்டுவிட்டார்கள்" என்று திண்ணையில் பேசுகிறோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. தேசியக் குற்றப் பதிவு அலுவலகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியா முழுவதும் சிறார்கள் மீது பதிவான வழக்குகள் 30,555. அந்த ஆண்டு நாட்டில் பதிவான எல்லா வழக்குகளும் சேர்ந்து 58 லட்சத்துக்கும் மேல். நூறில் ஒன்றுகூட இல்லை, அரைப் பங்குதான். பிடிபட்ட சிறார்கள் 37,780 பேரில் 29,690 பேர் 16 வயதைத் தாண்டியவர்கள். ஆபத்து எந்த வயதில் இருக்கிறது என்பது இதிலிருந்து தெளிவாகத் தெரிகிறது. பத்தாம் வகுப்பு முடிந்தோ முடியாமலோ, படிப்பும் இல்லாமல் வேலையும் இல்லாமல் தெருமுனையில் நிற்கும் அந்த இரண்டு ஆண்டுகள்தான் அது.

தொடையில் குத்தினால் சாகமாட்டானா?

பையன்களிடையே ஒரு தவறான நம்பிக்கை உண்டு. வயிற்றிலும் மார்பிலும் குத்தினால்தான் சாவான். தொடையிலோ பிட்டத்திலோ குத்தினால் வெறும் மிரட்டல்தான் என்று நினைக்கிறார்கள். தொடையில் ஓடுவது உடம்பின் மிகப் பெரிய ரத்தக் குழாய்களில் ஒன்று. அது அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். "லேசாகத்தான் குத்தினேன்" என்று சொன்னவர்கள் கொலை வழக்கில் நின்றிருக்கிறார்கள்.

குத்துப்பட்டவனைக் கண்டால் செய்ய வேண்டியது இதுதான். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, இரண்டு கையாலும் பலமாக அழுத்திப் பிடிக்க வேண்டும். கத்தி உடம்பிலேயே இருந்தால் அதைப் பிடுங்கக் கூடாது. 108-க்குப் போன் செய்ய வேண்டும். "போலீஸ் கேஸ், முதலில் ஸ்டேஷனுக்குப் போய் வாருங்கள்" என்று எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்பக் கூடாது. உயிரைக் காப்பதே முதல் கடமை என்று சுப்ரீம் கோர்ட்டு 1989-லேயே தீர்ப்பு அளித்துவிட்டது.

முதல் 24 மணி நேரம்

பையனைப் போலீசார் பிடித்துப் போய்விட்டார்கள் என்று செய்தி வந்ததும் வீட்டில் என்ன நடக்கிறது? தாய் அழுகிறாள். தகப்பன் பேட்டைப் பிரமுகர் ஒருவரைத் தேடி ஓடுகிறான். யாரோ ஒருவர் பணம் கேட்கிறார். இதற்குள் நேரம் ஓடிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 2016 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. அதன்படி 18 வயது நிரம்பாதவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஜெயிலுக்கும் அனுப்பக் கூடாது. கைவிலங்கு போடக் கூடாது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமம் கூடாத நாளாக இருந்தால் அதன் உறுப்பினர் ஒருவர் முன்பாவது நிறுத்த வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சிறார் நல அதிகாரி என்று ஒரு போலீஸ் அதிகாரி இருக்க வேண்டும். பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது அவரைத்தான்.

கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டியது வயதுச் சான்று. பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதிதான் முதலில் பார்க்கப்படும். அது இல்லாவிட்டால் மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்புப் பரிசோதனை. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களில், ஊரில் எங்கோ பெட்டியில் கிடக்கும் அந்தச் சான்றிதழுக்காகத் தவித்தவர்கள் பலர். அதன் நகல் ஒன்று வீட்டில் எப்போதும் இருப்பது நல்லது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். சிறார்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி கிடைக்கும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

ஜாமீன் விஷயத்திலும் பெரியவர்களுக்கு உள்ள விதி வேறு, சிறுவர்களுக்கு உள்ள விதி வேறு. சிறுவனுக்கு ஜாமீன் கொடுப்பதே பொது விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து நேரும், அல்லது நீதி கெட்டுவிடும் என்று குழுமம் கருதினால்தான் மறுக்கலாம். அப்படி மறுத்தால் அவன் போகும் இடம் கூர்நோக்கு இல்லம். பெங்களூரில் சிறுவர்களுக்கான அரசு இல்லம் மடிவாளாவில் இருக்கிறது. கன்னடத்தில் அதை 'வீட்சணாலய' என்பார்கள். குழுமத்தின் பெயர் 'பால நியாய மண்டலி'. போர்டைப் படிக்கத் தெரியாமல் தாய்மார்கள் அலையக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

குழுமம் என்பது வழக்கமான கோர்ட்டு அல்ல. ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். "என்ன செய்தான்?" என்பதோடு "ஏன் செய்தான்?" என்றும் அங்கே கேட்கப்படும். நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வந்து, தகப்பன் குடிக்கிறானா, பையன் எப்போது பள்ளியை விட்டான், யாரோடு சேர்ந்தான் என்றெல்லாம் விசாரித்து அறிக்கை கொடுப்பார். வீட்டு மானம் போய்விடும் என்று அவரிடம் மறைப்பது பையனுக்குத்தான் கெடுதல். அந்த அறிக்கைதான் அவனுக்கு மருந்துச் சீட்டு.

பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பது நம் வழக்கம். ஐந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே பதினாறு இருக்கிறதே, அது வளையுமா, வளையாதா? நாட்டில் பெரிய விவாதமே இதைப் பற்றித்தான் நடந்தது.

சிறுவர்களைத் தனியாக நடத்த வேண்டும் என்பது நேற்று வந்த யோசனை அல்ல. இந்தியாவிலேயே முதன்முதலாக 1920-ல் சென்னை மாகாணம்தான் சிறுவர் சட்டம் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் 1986-ல் வந்தது. 2000-ல் அது திருத்தி எழுதப்பட்டது. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடூரத்தில் 17 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். அவனுக்கு மூன்று ஆண்டுதானா என்று நாடே கொதித்தது. அதன் விளைவுதான் 2015-ஆம் ஆண்டின் சட்டம்.

இதன்படி, குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள கொடிய குற்றம் செய்தவன் 16 வயதைத் தாண்டியிருந்தால், அவனைப் பெரியவனைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் மதிப்பிட வேண்டும். கொலை இதில் அடங்கும். கொலை முயற்சிக்குக் குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்று கிடையாது. அப்படிப்பட்ட குற்றங்கள் இந்தப் பிரிவில் வராது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவுபடுத்தியது.

இந்த மதிப்பீடு சுலபமானதல்ல. செயலின் விளைவு பையனுக்குப் புரிந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்தான் என்று பார்க்க மனநல நிபுணர்கள் தேவை. அந்த வகையில் பெங்களூர் அதிர்ஷ்டம் செய்த ஊர். நம் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியின் குழந்தை மனநலப் பிரிவு, சட்டத்தோடு மோதிய சிறுவர்களுக்காகவே பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. 2020-ல் மத்திய அரசின் உதவியோடு அங்கே தொடங்கிய 'சம்வாத்' என்ற அமைப்பு, நாடெங்கும் உள்ள குழுமங்களுக்கும் இல்லங்களுக்கும் பயிற்சி கொடுத்து வருகிறது.

பெரியவனைப் போல விசாரிக்கப்பட்டாலும் அவனுக்கு மரண தண்டனை கிடையாது. விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. 21 வயது வரை அவன் ஜெயிலுக்குப் போகமாட்டான், பாதுகாப்பிடத்தில்தான் வைக்கப்படுவான். 21 வயதில் அவன் திருந்தியிருக்கிறானா என்று மறுபடியும் பார்க்க வேண்டும்.

மற்ற வழக்குகளில், புத்திமதி சொல்லி அனுப்புவது முதல், சமூக சேவை செய்யச் சொல்வது, நன்னடத்தையின்பேரில் விடுவது, சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று ஆண்டு வைப்பது வரை குழுமத்துக்குப் பல வழிகள் உண்டு.

கத்தியைக் கொடுத்தவன் யார்?

பல வழக்குகளில் பையனுக்குப் பின்னால் ஒரு பெரியவன் இருப்பான். "நீ சின்னப் பையன், உன்னை ஒன்றும் செய்யமாட்டார்கள். சீக்கிரம் வெளியே எடுத்துவிடுகிறேன்" என்று தட்டிக்கொடுத்து அனுப்பியிருப்பான். பைக் ஓட்டக் கொடுத்திருப்பான், பிரியாணி வாங்கிக் கொடுத்திருப்பான், குடிக்கவும் பழக்கியிருப்பான். பையன் அவனை 'அண்ணா' என்பான்.

அந்த அண்ணனுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. சிறுவனைச் சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்தினால் சிறார் நீதிச் சட்டத்தின் 83-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 95-ஆம் பிரிவு, சிறுவனைக் குற்றத்துக்கு அமர்த்துகிறவனுக்கு மூன்று முதல் பத்து ஆண்டு வரை தண்டனை விதிக்கிறது. சிறுவனுக்கு மதுவோ போதைப் பொருளோ கொடுத்தால் 77-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை.

பையனைப் பிடித்ததோடு விசாரணையை நிறுத்திவிட்டால், அந்த அண்ணன் அடுத்த வாரமே இன்னொரு பையனைத் தேடிக்கொள்வான். பெற்றோர் இந்தப் பிரிவுகளைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும்.

கிளாஸ்கோ நகரம் செய்தது

நமக்கு வந்திருக்கும் இந்த நோய் வேறு ஊர்களுக்கும் வந்தது. ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ என்று ஒரு பெரிய நகரம். தொழிற்சாலைகள் மூடிய ஊர். பேட்டைக்கு ஒரு கோஷ்டி. கோஷ்டிக்கு ஒரு கத்தி. ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே கொலைக்குப் பேர்போன ஊர்களில் அதுவும் ஒன்று.

2005-ல் அந்த ஊர்ப் போலீசார் வன்முறையைக் குறைக்க ஒரு தனிப் பிரிவு தொடங்கினார்கள். ஜான் கார்னொக்கன் என்ற போலீஸ் அதிகாரியும், கேரின் மெக்ளஸ்கி என்ற பெண்மணியும் அதை முன்னின்று நடத்தினார்கள். வன்முறை ஒரு தொற்றுநோய். காலராவைத் தடுப்பதுபோல இதையும் தடுக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

2008-ல் அவர்கள் கோஷ்டிப் பையன்களைக் கோர்ட்டுக்கே அழைத்தார்கள்; வழக்குக்காக அல்ல, கேட்பதற்காக. "இனி ஒருவன் கத்தி எடுத்தால் கோஷ்டி முழுவதையும் பிடிப்போம்" என்று போலீசார் கண்டிப்பாகச் சொன்னார்கள். கத்தி உடம்பை என்ன செய்யும் என்று டாக்டர் விளக்கினார். ஒரு தாய் எழுந்து தன் மகனின் கதையைச் சொன்னாள். கடைசியில், "வெளியே வர விரும்புகிறவன் இந்த எண்ணுக்குப் போன் செய்யலாம், படிப்புக்கும் வேலைக்கும் நாங்கள் உதவுகிறோம்" என்று ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். கண்டிப்பு ஒரு கையில், உதவி மறு கையில்.

2015-ன் கடைசியில் இன்னொரு ஏற்பாடும் வந்தது. குத்துப்பட்ட வாலிபன் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போதே, பழைய அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசுவார். உடம்பு வலிக்கும் அந்த நேரத்தில்தான், "இந்த வாழ்க்கை போதும்" என்று பலருக்குத் தோன்றுகிறது. அந்த நேரத்தைத் தவறவிட்டால், மறுநாள் கூட்டாளிகள் வந்து "யார் செய்தது, சொல்!" என்று பழிக்குப் பழி பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

தனிப்பிரிவு தொடங்கிய பத்தாண்டுகளில் ஸ்காட்லாந்தில் கொலைகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. எல்லாப் பெருமையும் இந்த ஒரு திட்டத்துக்கே என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் விக்டோரியாவிலும் பௌரிங்கிலும் இரவு நேரத்தில், தமிழும் கன்னடமும் உருதும் தெரிந்த ஓர் ஆள் அப்படி உட்கார்ந்தால் எத்தனை பழிவாங்கல்கள் நின்றுபோகும்! இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். நாலைந்து நாற்காலியும் நல்ல மனிதர்களும் போதும்.

அழிந்த ரிக்கார்டும் அழியாத பெயரும்

வழக்கு முடிந்து பையன் வெளியே வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் உண்மையான சோதனை ஆரம்பமாகிறது.

சட்டம் அவனுக்கு ஒரு பெரிய சலுகையைக் கொடுத்திருக்கிறது. சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி, சிறு வயதில் செய்த குற்றத்தால் வேலைக்கோ வேறு எதற்கோ தகுதிக் குறைவு வரக்கூடாது. உரிய காலம் முடிந்ததும் ரிக்கார்டையே அழித்துவிட வேண்டும். கொடிய குற்றத்துக்காகப் பெரியவனைப் போல விசாரிக்கப்பட்டுக் குற்றம் நிரூபணமானவனுக்கு மட்டும் இது பொருந்தாது. மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்குத் தேர்வான ஒருவருக்கு, சிறு வயதில் இருந்த ஒரு வழக்கைக் காட்டி வேலையை மறுத்தார்கள். மறுக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019-ல் சொல்லிவிட்டது. போலீஸ் வேலையே கிடைக்கும் என்றால், மற்ற வேலைக்கு என்ன தடை?

தடை தெருவில் இருக்கிறது. "கத்திக்குத்துக் கேஸ்" என்பது அவன் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. கடைக்காரர் வேலை கொடுக்கமாட்டார். பழைய பள்ளியில் சேர்க்கத் தயங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனை அவனோடு பேசவிடமாட்டார். அவனைக் கட்டிப்பிடித்து வரவேற்கிறவன் ஒரே ஒருவன்தான். கத்தியைக் கொடுத்த அந்த அண்ணன்.

சர்க்கார் ரிக்கார்டை அழித்தாலும் தெரு அழிக்காவிட்டால் பயன் இல்லை. கதவை அடைத்துவிட்டு, "பார்த்தீர்களா, திருந்தவே இல்லை" என்று சொல்வதில் என்ன நியாயம்?

வழிகள் இல்லாமல் இல்லை. பள்ளிக்குத் திரும்ப முடியாதவன் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்பு எழுதலாம். 14 வயதுக்கு மேல் ஐ.டி.ஐ.யில் தொழில் படிக்கலாம். எட்டாம் வகுப்புப் படித்தவர்களுக்கும் சில பிரிவுகள் உண்டு. அபாயம் இல்லாத வேலைகளில் 14 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சட்டப்படியே சேர்த்துக்கொள்ளலாம். இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியே வருகிறவனுக்கு, 21 வயது வரை பின்பராமரிப்பு உதவி கொடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. கேட்டு வாங்கித் தரத்தான் ஆள் வேண்டும்.

குத்துப்பட்டவன் வீடு

பையனுக்காக இவ்வளவு பேசுகிறோமே, குத்துப்பட்டவன் என்ன பாவம் செய்தான் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு கை விளங்காமல் போனவன் உண்டு. ஒரே மகனைப் பறிகொடுத்த வீடு உண்டு. அவர்களைப் போய்ப் பார்க்கும் வழக்கம் நம் பேட்டைகளில் துக்க வீட்டோடு முடிந்துவிடுகிறது.

கர்நாடகத்தில் 2011-ஆம் ஆண்டிலிருந்தே குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. விஷயம் தெரியாததால் பலர் கேட்பதே இல்லை.

குத்திய பையன் உண்மையிலேயே திருந்தியவன் என்றால், அந்த வீட்டுக்கு அவன் கடன்பட்டவன். அந்த வீட்டார் சம்மதித்தால், பெரியவர்கள் முன்னிலையில் அவன் முகத்தை நேரே பார்த்து மன்னிப்புக் கேட்கட்டும். அது ஜெயிலை விடக் கடினமான தண்டனை. சம்மதிக்காவிட்டால் வற்புறுத்தக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. இரண்டு பையன்களின் சண்டைக்கு மொழிச் சாயமும் மதச் சாயமும் சாதிச் சாயமும் பூசக் காத்திருக்கிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் நடந்ததைப் பார்த்தோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதி வெறியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்து, 2024-ல் அரசு அறிக்கை பெற்றது. அதன் பிறகும், 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் வகுப்புத் தோழனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியையும் காயமடைந்தார். எட்டாம் வகுப்பு! நோய் எந்த வயதுக்கு இறங்கியிருக்கிறது, பாருங்கள்.

குட்டி பிரேசில்

வந்த பின் காப்பதை விட வருமுன் காப்பது மேல். அதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது.

அல்சூரை அடுத்த கௌதமபுரம், தமிழ் பேசும் எளிய மக்கள் நிறைந்த பேட்டை. கால்பந்து ரசிகர்கள் அதைக் 'குட்டி பிரேசில்' என்பார்கள். பெலேவுக்குச் சிலை வைத்திருக்கும் பேட்டை அது. மாலையானால் சின்னஞ்சிறு மைதானத்தில் பையன்கள் பந்தோடு இருப்பார்கள். கால்பந்து இந்த ஊர்த் தமிழர்களுக்குப் புதிதும் அல்ல. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக முதல் கோல் போட்ட சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். 1962 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்த அருமைநாயகமும் பெங்களூர்க்காரர்தான்.

மைதானம் மட்டும் பையனைத் திருத்திவிடாது. ஆனால் மாலை ஐந்து முதல் எட்டு வரை அவன் எங்கே இருக்கிறான் என்று அங்கே ஒருவருக்குத் தெரியும். ஒருநாள் வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்கக் கோச் இருக்கிறார். கேட்க ஒருவர் இருப்பதுதான் மருந்து.

தெருவில் வாழும் பையன்களுக்காக 1980-லிருந்து பெங்களூரில் வேலை செய்யும் பாஸ்கோ அமைப்பின் முழுப் பெயர் 'பெங்களூர் ஓணியவர சேவா கூட்டா'. ஓணி என்றால் சந்து. பையனை அவன் நிற்கும் சந்திலேயே போய்ச் சந்திப்பது அதன் வழி. கேரளத்தில் 2010-ல் தொடங்கிய மாணவர் போலீஸ் படை 2018-ல் நாடு முழுவதற்குமான திட்டமாயிற்று. சென்னையில் 2022-ல் 'சிற்பி' என்ற பெயரில் நூறு பள்ளிகளில், பள்ளிக்கு 50 எட்டாம் வகுப்பு மாணவர்கள் வீதம் போலீசார் சேர்த்துக்கொண்டார்கள். காக்கிச் சட்டையைக் கண்டு ஓடும் வயதில், அதோடு பழக விடுவது நல்ல யோசனை.

வீட்டிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பையன் திடீரென்று பள்ளிக்கு வேறு வழியாகப் போகிறானா? தூக்கம் கெட்டிருக்கிறானா? யாரோ மிரட்டுகிறார்களா? அடிப்பதற்கு முன் கேளுங்கள். பயந்த பையன்தான் கத்தி எடுக்கிறான். மனதில் உள்ளதை வீட்டில் சொல்ல முடியாதவன் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையில் இலவசமாகப் பேசலாம். அதன் தலைமையிடமும் நம் நிம்ஹான்ஸ்தான்.

கையெழுத்துப் போட ஒரு பெரியவர்

சிறார் நீதிச் சட்டத்தில் யாரும் அதிகம் பேசாத ஒரு சொல் இருக்கிறது: 'தகுதியான நபர்'. ஒரு சிறுவனுக்குப் பொறுப்பேற்க முன்வருகிற, குழுமம் விசாரித்து ஏற்றுக்கொள்கிற எந்த நல்ல மனிதரும் அப்படி ஆகலாம். ஜாமீனில் விடும்போது பையனை அவர் மேற்பார்வையில் விடலாம். நன்னடத்தையில் விடும்போது மூன்று ஆண்டு வரை அவர் பொறுப்பில் ஒப்படைக்கலாம்.

ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியர், பள்ளி ஆசிரியர், கால்பந்து கோச், மெக்கானிக் ஷெட் முதலாளி, கோயில் கமிட்டிக்காரர், சர்ச் பெரியவர், மசூதி ஜமாத் பெரியவர், மகளிர் சங்கத் தலைவி என்று நம் பேட்டைகளில் ஆளுக்கா பஞ்சம்? திருவிழாவுக்கு வசூல் செய்யக் கமிட்டி போடுகிறோம். மன்றத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்ந்தெடுக்கிறோம். அதே மன்றத்தில் பொறுப்பான இரண்டு பேர், "எங்கள் தெருப் பையன் யாராவது குழுமத்துக்குப் போனால் நாங்கள் கூடப் போகிறோம்" என்று ஒரு தீர்மானம் போடட்டும். நன்னடத்தை அதிகாரியிடம் போய்த் தங்கள் பெயரைச் சொல்லி வைக்கட்டும். ஒரு பையனுக்கு வாரம் ஒரு மணி நேரம், ஓர் ஆண்டு. அவன் வேலைக்குப் போகிறானா, பரீட்சைக்குப் பணம் கட்டினானா, பழைய சேர்க்கை வாசலில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் வேலை.

கத்தியைக் கொடுக்க அவனுக்கு ஒரு பெரியவன் கிடைத்தான். கையைக் கொடுக்கவும் ஒரு பெரியவர் கிடைக்க வேண்டும். அடுத்த மாதம் உங்கள் மன்றத்தின் கூட்டம் நடக்கும்போது, வரவு செலவுக் கணக்கைப் படித்து முடித்ததும் இந்தத் தீர்மானத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.